கிரேக்க மட்கலங்கள்: உருவம் யாருடையது, கை யாருடையது?

வாட்டிகன் அருங்காட்சியகத்தில் 344 என்ற எண்ணோடு ஓர் ஆம்ஃபோரா இருக்கிறது. இரண்டு கைப்பிடி வைத்த பெரிய மண்சாடி, உயரம் சுமார் 61 சென்டிமீட்டர். ஏதென்ஸில் கி.மு. 540-530 வாக்கில் வனைந்தது. கிடைத்தது இத்தாலியின் வுல்ச்சி ஊர்க் கல்லறைகளில். இரண்டு வீரர்கள் ஒரு கட்டையின் இருபுறமும் குனிந்து உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இடப்பக்கத்தவன் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. வலப்பக்கத்தவனுடைய கவசம் அவன் முதுகுக்குப் பின்னால் சாய்த்திருக்கும் கேடயத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆட்டத்தில் மூழ்கியிருந்தும் இருவரும் ஈட்டிகளைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

யார் இவர்கள்? முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, இரண்டும் ஒரே அச்சு. பதில் எழுத்தில் இருக்கிறது. ஒருவனருகே 'அகிலெயோஸ்', மற்றவனருகே 'அயாந்தோஸ்'. அதாவது டிராய்ப் போரின் கிரேக்க வீரர்களான அகிலீஸ், ஏஜாக்ஸ் ஆகியோரின் பெயர்கள், 'அகிலீஸினுடைய', 'ஏஜாக்ஸினுடைய' என்று வேற்றுமை உருபேற்று நிற்கின்றன. அகிலீஸின் வாயிலிருந்து 'தெஸரா' என்ற சொல் புறப்படுகிறது, 'நான்கு'. ஏஜாக்ஸின் வாயிலிருந்து 'த்ரியா', 'மூன்று'. ஆட்டத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதுகூடத் தெரிந்துவிடுகிறது. சாடியின் விளிம்பில் இன்னொரு வரி: 'எக்ஸெக்கியாஸ் எக்ராஃப்ஸெ காபோயேஸெ மெ', 'எக்ஸெக்கியாஸ் என்னை வரைந்தார், செய்தார்.'

உருவம் யார், வரைந்தது யார் என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே கலம் வாய்திறந்து பதில் சொல்வது அபூர்வம். பெரும்பாலான கலங்களில் எழுத்தே இருக்காது. அப்போது நாமே தேட வேண்டும், அங்கே ஒரு விஷயத்தில் தெளிவு வேண்டும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் பார்வை ஒன்றுக்கொன்று எதிரானது. உருவம் யார் என்று அறிய, ஓவியர் யோசித்து வைத்ததைப் பார்க்கிறோம்: கையில் கொடுத்த பொருள், உடை, பக்கத்தில் நிறுத்திய ஆள். ஓவியர் யார் என்று அறிய, அவர் யோசிக்காமல் செய்ததைப் பார்க்கிறோம்: காது மடலின் வளைவு, கணுக்காலில் இழுத்த கோடு, ஆடை மடிப்பின் ஓரம். இதை அங்கேயும் அதை இங்கேயும் கலந்தால் இரண்டுமே தவறும். ஹெராக்ளீஸை வரைந்த இரண்டு கலங்கள் ஒரே கையுடையவை என்று சொல்ல ஹெராக்ளீஸ் சான்று ஆகமாட்டார். அவரை அடையாளம் காட்டும் சிங்கத்தோல் ஊருக்கே பொது.

இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: கண்ணில் படும் கோடுகளில் எது பழையது என்று பார்ப்பது.

கலங்கள் பெரும்பாலும் துண்டுகளாகவே கிடைத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றை ஒட்டி விற்றவர்கள் விடுபட்ட இடங்களைச் சுண்ணச்சாந்தால் நிரப்பி, மேலே வண்ணம் தீட்டி, இல்லாத தலைக்குத் தலையும் வெறும் கைக்கு ஆயுதமும் கொடுத்தார்கள். வேறு கலத்தின் துண்டைச் செதுக்கிப் பொருத்தியதும் உண்டு. புற ஊதா விளக்கின் கீழ் பிற்கால வண்ணம் பழைய பரப்பிலிருந்து வேறாக ஒளிரும். கரைப்பான் தோய்த்த பஞ்சால் துடைத்தால் அது கரையும், சூளையில் வெந்த கறுப்பு கரையாது. உடைவுக்கோடு எங்கே ஓடுகிறது என்று முதலில் ஒரு வரைபடம் போட்டுக்கொள்வது நல்லது. கடல் தெய்வம் பொசைடன் என்று பெயரிட்ட உருவத்தின் திரிசூல முனை மூன்றும் நிரப்பிய சாந்தில் இருந்தால், மிஞ்சுவது தாடி வைத்த ஒருவர் ஒரு தடியைப் பிடித்திருக்கிறார் என்பது மட்டுமே. அவர் செங்கோல் ஏந்திய, தெய்வங்களின் அரசன் ஸீயஸாகவும் இருக்கலாம்.

நுட்பத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், அது பார்வையை நேரடியாகப் பாதிக்கிறது. ஏதென்ஸ் மண்ணில் இரும்பு அதிகம், வெந்தால் செம்மஞ்சளாகும். அதே மண்ணை நீரில் கரைத்து, மிக நுண்ணிய துகளை மட்டும் பிரித்தெடுத்த குழம்புதான் 'கறுப்பு வண்ணம்'. சூளையில் மூன்று கட்டம். முதலில் காற்றை உள்ளே விட்டு எரிப்பார்கள், எல்லாம் சிவக்கும். பிறகு காற்றை அடைத்து, பச்சை விறகு போட்டு, 900 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் புகைய விடுவார்கள், எல்லாம் கறுக்கும். குழம்பு பூசிய இடம் அப்போது கண்ணாடிபோல இறுகிவிடும். மறுபடி காற்றைத் திறந்தால் பூசாத இடம் மீண்டும் சிவக்கும். இறுகிய இடத்துக்குள் காற்று புக முடியாது, அது கறுப்பாகவே நிற்கும். கடைசிக் கட்டத்தில் கணக்குத் தவறினால் கறுப்பில் செம்பட்டைத் திட்டுகள் விழும். அது பழுதுபார்ப்பு அல்ல, சூளையின் தவறு.

கி.மு. 620 முதல் 480 வரை பெருவழக்காக இருந்தது கருவுரு முறை. உருவம் கறுப்பு, உள்விவரங்களை ஊசிமுனையால் கீறுவார்கள், மேலே வெள்ளையும் ஊதாச் சிவப்பும் சேர்ப்பார்கள். கி.மு. 530-520 வாக்கில் இது தலைகீழானது. பின்னணி கறுப்பு, உருவம் மண்ணின் சிவப்பு, உள்விவரம் தூரிகைக் கோடு. இதுவே செவ்வுரு. இதில் இரண்டு வகைக் கோடு உண்டு. ஒன்று கெட்டியான குழம்பில் இழுத்த, விரலால் தடவினால் தட்டுப்படும் புடைப்புக்கோடு. மற்றது நீர்த்த குழம்பில் இழுத்த தேன்நிறக் கோடு. தசை, ஆடையின் மெல்லிய சுருக்கம், இளம் மீசை எல்லாம் இதில்தான் வரும். தேன்நிறக் கோட்டைக் காட்டாத புகைப்படத்தை வைத்து ஓவியரை அடையாளம் சொல்லக் கூடாது, பாதிச் சான்று அதில் காணாமல் போயிருக்கும்.

கருவுருவில் பெண்ணின் தோல் வெள்ளை, ஆணின் தோல் கறுப்பு. ஆனால் வெள்ளை கறுப்பின் மேல் ஒட்டிய பூச்சு, சுலபமாக உதிரும். உதிர்ந்தபின் பெண்ணும் கறுப்பாகத்தான் தெரிவாள். அப்போது கண்ணைப் பாருங்கள். ஆணின் கண் கீறிய வட்டம், இருபுறமும் சிறு முனைகள்; பெண்ணின் கண் வாதுமை வடிவம். பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் வெள்ளை இருந்த இடம் பளபளப்பில்லாத மங்கலாகத் தெரியும். போர்வீரன் என்று கடந்துபோகும் உருவம், புராணத்தின் போர்க்குலமான அமேசான் பெண் என்று தெரியவருவது இப்படித்தான். செவ்வுருவில் இந்த நிற வேறுபாடே கிடையாது. உடையும் தாடியும் மட்டுமே துணை.

இனி உருவங்களுக்கு வருவோம், முதலில் தெய்வங்கள். அத்தீனாவுக்குப் பாம்பு விளிம்பிட்ட மார்புத்தோல், தலைக்கவசம், ஈட்டி. ஹெர்மீஸுக்கு இரு பாம்பு பின்னியது போன்ற முனையுள்ள தூதுவர் கோல், அகல விளிம்புத் தொப்பி, இறகு முளைத்த காலணி. அப்பல்லோவுக்கு யாழ், ஆர்ட்டெமிஸுக்கு வில்லும் மானும், ஹெஃபைஸ்டஸுக்குச் சம்மட்டி அல்லது கோடரி, மதுவின் தெய்வம் டயோனிசஸுக்கு ஐவிக்கொடி மாலையும் உயர்ந்த கைப்பிடிகளுள்ள காந்தரோஸ் கிண்ணமும். இந்தப் பட்டியலை ஒரு மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். பிழை வருவது பட்டியல் தெரியாததால் அல்ல, ஒரே பொருளை வைத்து முடிவுக்குத் தாவுவதால். பெர்லினில் உள்ள எஃப் 2160 ஆம்ஃபோராவில் காந்தரோஸை ஏந்தி நிற்பவர் டயோனிசஸ் அல்ல, ஹெர்மீஸ். தூதுவரின் தோற்றம் அவரை ஐயமின்றிக் காட்டிக்கொடுக்கிறது. அவரருகே நிற்கும் சாட்டிருக்கு (டயோனிசஸின் பரிவாரத்தில் வரும், பாதி மனிதன் பாதி விலங்கு) ஓரெய்மாகோஸ் என்று பெயரும் எழுதியிருக்கிறது. டயோனிசஸின் உலகத்துப் பொருள் அவரில்லாத இடத்திலும் வரலாம். குறைந்தது இரண்டு அடையாளம் ஒத்துப்போகும்வரை பெயரைச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

சாட்டிர் என்றதும் ஆட்டுக்கால் நினைவுக்கு வருகிறது. அது பிற்கால வழக்கம். ஏதென்ஸ் கலங்களில் சாட்டிருக்குக் குதிரைவால், குதிரைக் காது. ஆட்டுத்தலையோ ஆட்டுக்கொம்போ இருந்தால் அது மேய்ப்பர்களின் தெய்வம் பான். குதிரை மனிதர்களிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. முரட்டுச் சென்டார்களுக்கு இடுப்புவரைதான் மனித உடல். அகிலீஸை வளர்த்த கைரோனுக்கு முன்பகுதி முழுதும் மனிதன், முன்கால்களும் மனிதக் கால்கள், பெரும்பாலும் மேலாடையோடு இருப்பார். தோளில் சாய்த்த மரக்கிளையில் வேட்டையாடிய முயல் தொங்கும். அவர் நாகரிகமடைந்தவர் என்பதை ஓவியர்கள் காட்டிய விதம் அது.

இறகுள்ள பெண் நின்றால் உடனே வெற்றித் தேவி நைக்கி என்று எழுதிவிடுகிறார்கள். கையில் தூதுவர் கோல் இருந்தால் தெய்வங்களின் தூது செல்லும் ஐரிஸ். மாலையோ நாடாவோ ஏந்தினால் நைக்கி. ஓர் இளைஞனைத் துரத்தினால் விடியலின் தேவி ஈயோஸ். துரத்தப்படுபவன் யாழ் வைத்திருந்தால் பொதுவாக டித்தோனோஸ், வேட்டை ஈட்டி வைத்திருந்தால் கெஃபாலோஸ்.

மிகவும் ஏமாற்றுவது, அடையாளப் பொருள் கதையின்படியே இருக்க முடியாத காட்சி. ஹெராக்ளீஸ் நெமியாச் சிங்கத்தோடு மல்லுக்கட்டுகிறார். சிங்கம் இன்னும் சாகவில்லை, சிங்கத்தோல் எப்படி அவர் மேல் இருக்கும்? கவனமான ஓவியர்கள் அவரை வெற்றுடம்போடு வரைந்து, ஆடையையும் அம்பறாத்தூணியையும் பின்னாலிருக்கும் மரக்கிளையில் தொங்கவிட்டார்கள். ஆகவே உருவத்தைப் பார்த்த பிறகு மரத்தையும் பாருங்கள். காளையோடு போராடுபவனில் இது இன்னும் கடினம். ஹெராக்ளீஸ் கிரீட்டின் காளையை அடக்கினார். தீசியஸ் மாரத்தான் காளையை அடக்கினான். இரண்டும் ஒரே பிடி, ஒரே குனிவு. கிளையில் தொங்குவது தண்டாயுதமும் தூணியும் என்றால் ஹெராக்ளீஸ். பயணியின் தொப்பியும் வாளும் என்றால் தீசியஸ். கிளை உடைந்துபோன துண்டில் இருந்தால், 'காளையை அடக்கும் வீரன்' என்பதற்கு மேல் எழுத எனக்குத் துணிவு வராது. யாருக்கும் வரக் கூடாது.

இன்னொரு ஜோடி: ஒருவர் இன்னொருவரைச் சுமக்கும் காட்சி. எரியும் டிராயிலிருந்து ஈனியாஸ் தந்தை ஆங்கைசீஸைத் தூக்கிச் செல்வதாகவும் இருக்கலாம், ஏஜாக்ஸ் அகிலீஸின் உடலைச் சுமப்பதாகவும் இருக்கலாம். மேலே இருப்பவரைப் பாருங்கள். நரைத்த முடியோடு நிமிர்ந்து முதுகைப் பற்றியிருந்தால் உயிருள்ள ஆங்கைசீஸ். தலை கவிழ்ந்து, கூந்தலும் கைகளும் தொங்கினால் செத்துப்போன அகிலீஸ். இதை ஊகமாகச் சொல்லவில்லை, பெயர் எழுதிய கலம் இருக்கிறது. ஃபுளோரன்ஸில் உள்ள பிரான்சுவா கலத்தின் கைப்பிடிகளில் ஏஜாக்ஸ் அகிலீஸைச் சுமக்கிறார்.

அந்தக் கலத்தை ஒரு அகராதி என்றே சொல்லலாம். கி.மு. 570 வாக்கில் கிளெய்டியாஸ் வரைய, எர்கோடிமோஸ் வனைந்த, 66 சென்டிமீட்டர் உயரக் கிராட்டர்; மதுவில் நீர் கலக்கும் பாத்திரம். அலெசாந்த்ரோ பிரான்சுவா 1844-45இல் கியூசி அருகே துண்டுகளாகக் கண்டெடுத்தார். சுமார் 270 உருவங்கள், 120க்கு மேற்பட்ட எழுத்துப் பொறிப்புகள். கிளெய்டியாஸ் ஆட்களுக்கு மட்டும் பெயர் எழுதவில்லை. நீரூற்றின் மேல் 'நீரூற்று' என்றும், கீழே விழுந்த குடத்தின் அருகே 'குடம்' என்றும், இருக்கைக்கு 'இருக்கை' என்றும் எழுதியிருக்கிறார். 1900இல் ஒரு காவலாளி அதன்மேல் முக்காலியை வீசியெறிய, 638 துண்டுகளாகச் சிதறியது. இன்று நாம் பார்ப்பது அதற்குப் பின் மீண்டும் ஒட்டியது.

பெயர் எழுதிய கலத்தைத் திறவுகோலாக வைத்துப் பெயரில்லாதவற்றைத் திறப்பதே இந்தத் துறையின் அடிப்படை வழி. எக்ஸெக்கியாஸின் ஆட்டக் காட்சியைப் போல 150க்கும் மேற்பட்ட கலங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பெயர் இல்லை. பலவற்றில் நடுவே அத்தீனா வந்து நிற்கிறாள். அவர்களையும் அகிலீஸ், ஏஜாக்ஸ் என்கிறோம். நியாயம்தான். ஆனால் காட்சி எவ்வளவு பொதுவானதோ அவ்வளவு எச்சரிக்கை வேண்டும். வீரன் கவசம் அணிகிறான், முதியவர் ஒருபுறம், பெண் ஒருபுறம். இது ஏதென்ஸின் எந்த வீட்டிலும் நடந்த காட்சி. யூதிமிடீஸ் வரைந்த மியூனிக் 2307 ஆம்ஃபோராவில் இதே காட்சிக்கு டிராயின் இளவரசன் ஹெக்டர், தந்தை பிரியம், தாய் ஹெக்கபே என்று பெயர் எழுதியிருக்கிறார். அதை வைத்து, கவசம் அணியும் ஒவ்வொருவனையும் ஹெக்டர் ஆக்கிவிட முடியாது. இந்தக் கலத்தில் பெயர்தான் அவனை ஹெக்டர் ஆக்குகிறது, படம் அல்ல.

விடை இல்லாத காட்சிகளும் உண்டு. லூவ்ரில் உள்ள ஜி 341 கிராட்டரின் ஒரு பக்கத்தில் அப்பல்லோவும் ஆர்ட்டெமிஸும் நியோபியின் பிள்ளைகளை அம்பெய்து கொல்கிறார்கள், அதில் ஐயமில்லை. மறுபக்கத்தில் ஹெராக்ளீஸும் அத்தீனாவும் தெரிகிறார்கள், சுற்றிலும் வீரர்கள் மேடும் பள்ளமுமான தரையில் நிற்கிறார்கள், படுத்திருக்கிறார்கள். என்ன கதை என்று இன்றுவரை எல்லோரும் ஏற்கும் பதில் வரவில்லை.

எழுத்தைப் படிப்பதும் தனி வித்தை. ஏதென்ஸ் கி.மு. 403/402இல்தான் இன்றைய பாடப்புத்தகங்களில் காணும் அயோனிய எழுத்துமுறையை அதிகாரபூர்வமாக ஏற்றது. அதற்கு முன் குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே எழுத்து. ஒகரம் ஓகாரத்துக்கும் அப்படியே. பழைய ஏதென்ஸ் காமா ('க' ஒலிக்கான எழுத்து), பாடப்புத்தக லாம்ப்டாவை ('ல' ஒலிக்கான எழுத்து) போலவே இருக்கும். லாம்ப்டாவோ ரோமன் 'எல்' போல இருக்கும். புத்தகக் கிரேக்கம் மட்டும் தெரிந்தவர் இங்கேதான் முதலில் தடுக்கி விழுவார். இரட்டித்த மெய்யை ஒருமுறை மட்டும் எழுதுவார்கள், வல்லினத்துக்கு முன் வரும் மெல்லினத்தை விட்டுவிடுவார்கள். அட்டலாந்தே 'அடலடே' ஆகிவிடுவாள். பெயர் பொதுவாக உரியவரின் தலையருகே தொடங்கி விலகி ஓடும், ஆகவே இடப்புறம் பார்த்தவருக்கு வலமிருந்து இடமாக எழுதியிருக்கும். செவ்வுருக் கலங்களில் எழுத்து ஊதாச் சிவப்பில், கறுப்பின் மேல். உதிர்ந்தாலும் தடம் மங்கலாக நிற்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்.

எல்லா எழுத்தும் பெயர் அல்ல. 'கலோஸ்', அதாவது 'அழகன்' என்று முடிவது படத்தில் இருப்பவரைக் குறிக்காது. அந்நாளில் ஊர் கொண்டாடிய ஓர் இளைஞனுக்கான புகழ்ச்சி. எக்ஸெக்கியாஸின் சாடியிலும் 'ஒனெடோரிடீஸ் அழகன்' என்று இருக்கிறது. அவனுக்கும் அந்த ஆட்டத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் இவை காலக்கணக்குக்கு உதவும். லியாக்ரோஸ் என்பவன் பல கலங்களில் அழகன், அவன் கி.மு. 465 வாக்கில் படைத்தலைவனாகப் போரில் இறந்தான். இளைஞனாக இருந்தது கி.மு. 510ஐ ஒட்டி என்று கொண்டால் அந்தக் கலங்களின் காலம் கிடைக்கிறது. பொருளே இல்லாத எழுத்து வரிசைகளும் ஏராளம். அவற்றை வலிந்து பெயராக்கக் கூடாது.

இனி இரண்டாவது கேள்வி. கையொப்பத்தில் இரண்டு வினைகள் வரும். 'எக்ராஃப்ஸென்' என்றால் வரைந்தார். 'எபோயேஸென்' என்றால் செய்தார், அதாவது வனைந்தவர் அல்லது பட்டறைக்காரர். இரண்டாவது வினை மட்டும் இருக்கும் கலத்தில் அந்தப் பெயரை ஓவியர் தலையில் கட்டக் கூடாது. அமாசிஸ் குயவர், அவருடைய கலங்களை வரைந்தவரின் பெயர் தெரியாததால் 'அமாசிஸ் ஓவியர்' என்கிறோம்.

பெயர் தெரியாத கைகளைப் பிரித்தெடுத்ததில் பெரும்பங்கு ஜான் டேவிட்சன் பீஸ்லியுடையது. 1885இல் பிறந்து 1970இல் மறைந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் 1925 முதல் 1956 வரை பேராசிரியர். இத்தாலிய ஓவியங்களில் காதையும் நகத்தையும் பார்த்து ஓவியரைக் கண்டுபிடிக்கலாம் என்று ஜோவன்னி மொரெல்லி பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்டிய வழியை அவர் மட்கலங்களுக்குக் கொண்டுவந்தார். 1911இல், 26 வயதில், மேலே சொன்ன பெர்லின் ஆம்ஃபோராவை மையமாக வைத்து, அதே கை வேறு எந்தெந்தக் கலங்களில் இருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். பெயரில்லாத அந்தக் கைக்கு 'பெர்லின் ஓவியர்' என்ற பெயர் அப்படி வந்தது. இன்று அவருக்குச் சுமார் 300 கலங்கள் எண்ணப்படுகின்றன.

வேலை செய்யும் முறை இதுதான். கலத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துக் கோடுகளைப் பிரதி எடுப்பது. பீஸ்லி இப்படி எடுத்தவை ஏராளம். பார்ப்பதைவிட வரைவது அதிகம் கற்றுத்தரும். ஓவியர் எங்கே தூரிகையை எடுத்தார், எங்கே திருப்பினார் என்பது உங்கள் கைக்குத் தெரிந்துவிடும். பிறகு உறுப்பு உறுப்பாகப் பிரித்து எழுதுவது. காதின் உள்ளே எத்தனை வளைவு? கழுத்துப்பட்டை எலும்பு நடுவில் சேர்கிறதா, கொக்கிபோல வளைந்து நிற்கிறதா? வயிற்றுத் தசையின் பிரிவுகள் எத்தனை? முழங்கால் சில்லுக்கு எத்தனை கோடு, கணுக்காலுக்கு ஒன்றா இரண்டா? ஆடை ஓரம் கூரிய படிகளாக இறங்குகிறதா, அலையாகவா? ஒரு விவரம் ஒத்தால் அதற்கு மதிப்பே இல்லை, அது பட்டறைக்கே பொதுவாக இருக்கும். தொடர்பில்லாத ஐந்தாறு விவரங்கள் சேர்ந்து ஒத்தால்தான் பேச்சைத் தொடங்கலாம்.

காலத்தின் அடையாளத்தைக் கையின் அடையாளமாக எடுத்துக்கொள்வதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. பக்கவாட்டு முகத்தில் நேர்ப்பார்வைக் கண் வரைவது பழைய வழக்கம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் முதற்பாதியில் கருமணி மூக்குப் பக்கம் நகர்ந்து, கண்ணின் உள்முனை திறந்து, மெல்ல உண்மையான பக்கவாட்டுக் கண் ஆகிறது. இந்த மாற்றம் எல்லோருக்கும் நடந்தது. இரண்டு கலங்களில் கண் ஒத்தால் அவை ஒரே பத்தாண்டைச் சேர்ந்தவை என்பதைவிட அதிகமாக ஒன்றும் நிரூபணமாகாது. இன்னொன்று அளவு. ஒரு முழ ஆம்ஃபோராவில் வரைந்த கையை, உள்ளங்கை அகலக் கோப்பையின் வட்டத்துக்குள் தேடும்போது பாதி விவரங்கள் விடுபட்டிருக்கும். ஒரே கோப்பையின் உள்புறத்தை ஒருவரும் வெளிப்புறத்தை இன்னொருவரும் வரைந்ததும் உண்டு. பெந்தெசிலியா ஓவியரின் பட்டறையில் இது வழக்கமாகவே நடந்தது. ஆகவே கலத்துக்குப் பெயர் சூட்டாமல் பக்கத்துக்குப் பெயர் சூட்டுவது பாதுகாப்பு.

கையொப்பமே ஏமாற்றிய கதை ஒன்று இருக்கிறது. கிளியோஃப்ராடீஸ் என்ற குயவரின் பெயரால் அறியப்படும் ஓவியருக்கு உண்மைப் பெயர் கிடைத்துவிட்டதாக ஒரு காலத்தில் எண்ணினார்கள். பெர்லினில் இருந்த ஒரு பெலிக்கே சாடியில் 'எபிக்டெடோஸ் வரைந்தார்' என்று இருந்தது. பீஸ்லியும் அதை ஏற்றார். எபிக்டெடோஸ் என்று முன்பே ஒருவர் இருந்ததால் இவர் 'இரண்டாம் எபிக்டெடோஸ்' ஆனார். பிறகு அந்த எழுத்து பிற்காலத்தில் சேர்த்த போலி என்று தெரிந்தது, பெயர் போனது. ஆனால் அந்தக் கைக்குரிய கலங்களின் தொகுப்பு கலையவில்லை, ஏனென்றால் அது கோடுகளின் மேல் எழுந்தது.

எதிர்ப்பக்கமும் நினைவிருக்க வேண்டும். மியூனிக் 2301 ஆம்ஃபோராவில் ஹெராக்ளீஸ் கட்டிலில் சாய்ந்து விருந்துண்கிறார், அத்தீனா எதிரே. ஒரு பக்கம் கருவுரு, மறுபக்கம் செவ்வுரு, காட்சி ஒன்று. செவ்வுருப் பக்கத்தை ஆண்டோகிடீஸ் ஓவியர் என்றும் கருவுருப் பக்கத்தை லிசிப்பிடீஸ் ஓவியர் என்றும் அழைக்கிறோம். இருவரா, ஒருவரே இரண்டு கருவியில் வேலை செய்தாரா? கீறும் ஊசி இழுக்கும் கோடும் தூரிகை இழுக்கும் கோடும் ஒன்றுபோல இருக்க முடியாது. கோட்டை வைத்துக் கையைக் காணும் முறை இங்கே தன் எல்லைக்கு வந்துவிடுகிறது. பீஸ்லியே இதில் கருத்தை மாற்றிக்கொண்டவர். இருவர் என்பவர்களே இன்று அதிகம், நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன்.

அதனால் அருங்காட்சியக அட்டையின் சொற்களை நுணுக்கமாகப் படிக்க வேண்டும். 'பெர்லின் ஓவியர்' என்பது ஒன்று; 'பெர்லின் ஓவியரின் பாணி' என்பது வேறு; 'அவருக்கு அருகில்', 'பட்டறை', 'அவரை நினைவூட்டுகிறது' என்பவை இன்னும் தள்ளி நிற்பவை. பீஸ்லி இந்தப் படிகளை அளந்து பயன்படுத்தினார். விற்பனைப் பட்டியல்களில் இவை சத்தமில்லாமல் ஒரு படி மேலே ஏறிவிடும். பெயருள்ள ஓவியருக்கு விலை அதிகம். ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள பீஸ்லி ஆவணக் காப்பகத்தின் இணையத் தரவுத்தளத்தில் கலத்தின் எண்ணைத் தட்டினால், யார் யார் எந்தச் சொல்லால் அதை அடையாளம் சொன்னார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் சந்திக்கும் கலம் ஒன்று உண்டு. ஏதென்ஸின் பான்அத்தீனைத் திருவிழாப் பந்தயத்தில் வென்றவர்களுக்கு எண்ணெய் நிரப்பிக் கொடுத்த ஆம்ஃபோரா. ஒரு பக்கம் பெரும்பாலும் இரண்டு தூண்களுக்கு நடுவே ஈட்டி ஓங்கிய அத்தீனா, தூண்மேல் சேவல்கள், 'ஏதென்ஸ் பந்தயப் பரிசு' என்ற வரி. மறுபக்கம் எந்தப் பந்தயமோ அது. செவ்வுரு வந்த பிறகும் இதை மட்டும் கருவுருவிலேயே வரைந்தார்கள். ஆக உருவத்தில் ஐயமில்லை, ஓவியர் தேர்ந்தெடுக்கவும் அதிகமில்லை. மிஞ்சியது அத்தீனாவின் கேடயத்தில் வரையும் சின்னம். அது இறக்கைக் குதிரை பெகசஸ் என்றால் முதலில் கிளியோஃப்ராடீஸ் ஓவியரை நினைக்கலாம். கோர்கன் முகம் என்றால் பெர்லின் ஓவியரை. நினைத்ததோடு நிறுத்தாமல் கலத்தைத் திருப்புங்கள். அங்கே ஓடும் வீரர்களின் கணுக்காலில் கீறிய கோடுகளை எண்ண வேண்டும்.